டாம் பிலிப்ஸ்: வரைபடத்திலிருந்து கடலுக்கு

போன வருடம் பள்ளி விடுமுறையில் குவாந்தான் போயிருந்தேன். தெலுக் செம்பெடாக் கடற்கரையில் சாயங்காலம் கெரோப்போக் லெக்கோர் வாங்கித் தின்றபடி உட்கார்ந்திருந்தபோது, கடலுக்குள் மூழ்கிப் பார்ப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கிழக்கே கையை நீட்டிக் காட்டினார். “அந்தப் பக்கம்தாண்ணே. நூறு கிலோமீட்டருக்கும் மேல போவணும். ரெண்டு வெள்ளக்காரன் போர்க்கப்பல் கிடக்கு. இப்ப பாதிதான் இருக்கு. மீதிய இரும்புக்குத் திருடி வித்துட்டானுங்க.”

எனக்கு உடனே பாட்டி ஞாபகம் வந்தது. மெந்தகாப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். வருடக் கணக்கெல்லாம் அவருக்குத் தெரியாது. எதையும் இன்னொன்றை வைத்துத்தான் சொல்வார். “கப்பல் முழுகி ரெண்டாம் வருசம் அப்பாவ சயாமுக்குப் புடிச்சிட்டுப் போனாங்க.” சின்ன வயதில் இதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். எந்தக் கப்பல் என்று ஒருதடவைகூடக் கேட்டதில்லை. சயாமுக்குப் போன அவருடைய அப்பா திரும்பி வரவில்லை. அதற்கு முன்னால் கப்பல் என்ன பெரிய விஷயம் என்று விட்டிருப்பேன் போல.

பாட்டி சொன்னது இந்த இரண்டு கப்பல்களைத்தான் என்பது அன்று கடற்கரையில்தான் உறைத்தது. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ். 1941 டிசம்பர் 10 அன்று, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள், ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கியவை. அவற்றோடு 840 பேர் செத்தார்கள். அந்த அணிக்குத் தலைமை தாங்கிய அட்மிரல் சர் டாம் பிலிப்ஸும் அதில் ஒருவர். அன்றிலிருந்து சில மாதங்கள் இந்த மனிதரைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலான புத்தகங்களில் அவருக்கு ஒரே ஒரு நாள்தான் உண்டு. அந்த ஒருநாளை வைத்து முட்டாள் என்று சிலர், துரதிர்ஷ்டசாலி என்று சிலர். ஆனால் அந்த நாளுக்குப் பின்னால் 38 வருட உத்தியோகம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த நாளைப் புரிந்துகொள்ள முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

*

தாமஸ் ஸ்பென்சர் வாகன் பிலிப்ஸ் 1888 பிப்ரவரியில் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில், கார்ன்வாலில் உள்ள பெண்டெனிஸ் கோட்டையில் பிறந்தார். அப்பா பீரங்கிப் படை அதிகாரி. அம்மாவின் அப்பா கடற்படையில் அட்மிரல்: அல்ஜெர்னன் டி ஹார்ஸி.

இந்தத் தாத்தாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1877இல் பெரு நாட்டுக் கரையருகே ஹுவாஸ்கார் என்ற கவசக் கப்பலோடு டி ஹார்ஸியின் ஷா என்ற கப்பல் மோதியது. அந்தச் சண்டையில் ஷா ஒரு டார்பிடோவை ஏவியது. தானே நீருக்குள் ஓடிப்போய்த் தாக்கும் டார்பிடோவை நிஜமான சண்டையில் எதிரிக் கப்பல்மீது ஏவியது அதுதான் முதல் தடவை. குறி தப்பிவிட்டது. 64 வருடம் கழித்து, அதே ஆயுதம் விமானத்திலிருந்து விழுந்து, அவருடைய பேரனின் கப்பலைக் கொன்றது. இதை விதி என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. ஆயுதம் எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதற்கு ஒரே குடும்பத்திலேயே அளவுகோல் இருக்கிறது, அவ்வளவுதான்.

பிலிப்ஸ் 1903இல் பயிற்சி மாணவராகக் கடற்படையில் சேர்ந்தார். அடுத்த வருடம் மிட்ஷிப்மேன். அவர் வளர்ந்த கடற்படை எப்படிப்பட்டது? 1906இல் டிரெட்நாட் என்ற போர்க்கப்பல் நீரில் இறக்கப்பட்டது. ஒரே அளவுள்ள பெரிய பீரங்கிகளை வரிசையாகக் கொண்ட அந்தக் கப்பல் வந்ததும் உலகத்தின் மற்றப் போர்க்கப்பல்கள் எல்லாம் ஒரே நாளில் பழசாகிவிட்டன. பெரிய பீரங்கி, தடித்த கவசம், வேகம் ஆகிய மூன்றும்தான் கடலாதிக்கம் என்ற நம்பிக்கையில் ஒரு தலைமுறையே உருவானது. பிலிப்ஸ் அந்தத் தலைமுறை. வானத்தில் பறக்கும் ஒரு பொருள் கப்பலுக்கு எமனாகும் என்று அப்போது சொன்னால் சிரித்திருப்பார்கள். ரைட் சகோதரர்கள் முதன்முதலாகப் பறந்ததே அவர் கடற்படையில் சேர்ந்த அதே 1903இன் டிசம்பரில்தான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஜப்பான் எதிரி அல்ல, கூட்டாளி. 1902இல் பிரிட்டனும் ஜப்பானும் உடன்படிக்கை செய்துகொண்டன. 1905இல் ட்சுஷிமாவில் ரஷ்யக் கடற்படையை ஜப்பான் நொறுக்கியபோது, ஜப்பானின் தலைமைக் கப்பலான மிகாசா இங்கிலாந்தில் கட்டப்பட்டது. அதை நடத்திய அட்மிரல் டோகோ இளம் வயதில் இங்கிலாந்தில் படித்தவர். 1915இல் சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தபோது அதை அடக்க ஜப்பானியக் கடற்படையினரும் இறங்கினார்கள். முதல் உலகப் போர் முடிந்ததும், 1921இல், பிரிட்டிஷ் விமானக் கடற்படையில் இருந்த செம்பில் என்பவர் தலைமையில் ஒரு பயிற்சிக் குழுவே ஜப்பானுக்குப் போனது. விமானந்தாங்கிக் கப்பலில் இறங்குவது எப்படி, விமானத்திலிருந்து டார்பிடோ போடுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தது. குவாந்தான் கடலுக்கு மேலே 1941இல் வந்தவர்கள் அந்தப் பள்ளிக்கூடத்தின் அடுத்த தலைமுறை மாணவர்கள்.

*

முதல் போரில் பிலிப்ஸ் மத்தியதரைக் கடலிலும் தூரக்கிழக்கிலும் வேலை செய்தார். வழிகாட்டி அதிகாரியாகத் தேர்ந்தவர். அதாவது வரைபடத்தில் கப்பல் இருக்கும் இடத்தைக் குறிப்பதும், போகவேண்டிய பாதையைக் கணக்குப் போடுவதும் அவருடைய தொழில். போர் முடிந்ததும் 1919இல் கடற்படையின் பணியாளர் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு 1922வரை சர்வதேசச் சங்கத்தின் ராணுவ ஆலோசனைக் குழுவில் இருந்தார். 1927இல் கேப்டன். சிறிது காலம் நாசகாரிக் கப்பல் அணிக்குத் தலைவர். 1930இலிருந்து இரண்டு வருடம் கடற்படைத் தலைமையகத்தின் திட்டப் பிரிவில் உதவி இயக்குநர். அப்புறம் மூன்று வருடம் கிழக்கிந்தியக் கடற்பகுதியில் ஹாக்கின்ஸ் என்ற கொடிக் கப்பலின் கேப்டன். அந்தப் பகுதியின் தளம் திருகோணமலை. 1935இலிருந்து 1938வரை திட்டப் பிரிவின் இயக்குநர்.

இந்தப் பட்டியலை வேண்டுமென்றேதான் இவ்வளவு விரிவாகக் கொடுக்கிறேன். கடலில் கொஞ்சம், மேசையில் கொஞ்சம் என்று மாறிமாறி வந்த வாழ்க்கை கடைசியில் மேசைப் பக்கமே சாய்ந்தது. ஆள் ரொம்பக் குள்ளம். ஐந்தடி நாலு அங்குலம் இருப்பார் என்கிறார்கள். ‘டாம் தம்ப்’ என்று பட்டப்பெயர். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் ‘கட்டைவிரல் டாம்.’ ஆனால் மூளையைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. காலையில் உட்கார்ந்தால் நள்ளிரவுவரை கோப்பு பார்ப்பவர். வேலையைப் பிறரிடம் பிரித்துக் கொடுக்கத் தெரியாதவர் என்ற குறை மட்டும் உண்டு.

அவர் திட்டப் பிரிவில் பார்த்த கோப்புகளில் மிக முக்கியமானது சிங்கப்பூர். செம்பவாங்கில் கடற்படைத் தளம் கட்டுவதென்று 1921இல் முடிவாகி, இழுத்து இழுத்து 1938 பிப்ரவரியில் பெரிய உலர்துறை திறக்கப்பட்டது. தளம் இருந்தது, கப்பற்படை இல்லை. ஜப்பான் வந்தால் ஐரோப்பாவிலிருந்து முக்கியக் கடற்படை கிளம்பி வந்துசேரும், அதுவரை சிங்கப்பூர் தாக்குப்பிடித்தால் போதும் என்பதுதான் திட்டம். அந்த ‘அதுவரை’ எத்தனை நாள்? ஆரம்பத்தில் 42 நாள் என்று கணக்குப் போட்டார்கள். பிறகு 70 ஆனது, 90 ஆனது. ஐரோப்பாவில் போர் வெடித்த 1939 செப்டம்பரில் 180 என்று எழுதினார்கள். காகிதத்தில் ஒரு எண்ணை அடித்துவிட்டு இன்னொரு எண்ணை எழுதுவது சுலபம். அந்த நாட்களில் மலாயாவில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு அந்தக் கோப்பில் இடமில்லை.

அதே காலத்தில் விமானப்படையின் திட்டப் பிரிவில் இருந்தவர் ஆர்தர் ஹாரிஸ். பிற்பாடு ஜெர்மன் நகரங்களைக் குண்டுபோட்டு எரித்தவர். கப்பலா, விமானமா என்று இவருக்கும் பிலிப்ஸுக்கும் ஓயாத சண்டை. நன்றாகப் பயிற்சி பெற்ற மாலுமிகள் கையில் இருக்கும் போர்க்கப்பல் விமானத்தைச் சமாளித்துவிடும் என்பது பிலிப்ஸின் கட்சி. குண்டு விழுந்து கப்பல் மூழ்கும்போதுகூட இவர் விமானம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார், கண்ணிவெடியில் மோதிவிட்டோம் என்றுதான் சொல்வார் என்று ஹாரிஸ் கேலி செய்ததாக ஒரு கதை உண்டு. பிலிப்ஸின் சாவுக்குப் பிறகு எல்லாரும் இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். அதனாலேயே நான் இதைக் கொஞ்சம் தள்ளிவைத்தே பார்க்கிறேன். தோற்றவனைப் பற்றிய கதைகள் எப்போதும் கச்சிதமாக இருக்கும்.

ஏனென்றால் அவருடைய நம்பிக்கை அன்றைக்கு அவ்வளவு மடத்தனமாக இல்லை. 1940 நவம்பரில் பிரிட்டிஷ் விமானங்கள் டாரண்டோவில் இத்தாலியப் போர்க்கப்பல்களைச் சாய்த்தன. ஆனால் அவை துறைமுகத்தில் நின்றவை. 1941 மே மாதத்தில் பிஸ்மார்க்கை விமான டார்பிடோ முடமாக்கியது. ஆனால் முடித்தது கப்பல்கள். கிரீட் தீவருகே அதே மாதம் பிரிட்டிஷ் குரூஸர்களும் நாசகாரிகளும் விமானத்துக்குப் பலியாயின. ஆனால் அவை சின்னக் கப்பல்கள். விரிந்த கடலில், ஓடிக்கொண்டிருக்கும், திருப்பிச் சுடுகிற ஒரு பெரும் போர்க்கப்பலை விமானம் மட்டுமே மூழ்கடித்த சம்பவம் 1941 டிசம்பர் 10 காலைவரை உலகத்தில் இல்லை. ஒவ்வொரு உதாரணத்துக்கும் ஒரு ‘ஆனால்’ இருந்தது. படித்தவர்களுக்கு வரும் ஆபத்து இதுதான். நமக்குப் பிடிக்காத சாட்சியை ஒதுக்க ஒரு நியாயமான காரணம் எப்போதும் கிடைத்துவிடுகிறது.

*

1939 ஜூனில் பிலிப்ஸ் கடற்படைத் தலைமையகத்தின் துணைத் தலைவர்களில் ஒருவரானார். அந்த வருடம் செப்டம்பரில் சர்ச்சில் கடற்படை அமைச்சராக வந்தார். இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது. சர்ச்சில் பிரதமரான பிறகு அந்த நெருக்கம் தேய்ந்தது. ஜெர்மன் நகரங்கள்மீது குண்டுவீசுவதையும், கிரீஸுக்குப் படை அனுப்புவதையும் பிலிப்ஸ் ஏற்கவில்லை. சர்ச்சிலிடம் முகத்துக்கு நேரே ‘இது சரியில்லை’ என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர். அவரை வெறும் தலையாட்டி என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

1941 அக்டோபரில், ஜப்பானை மிரட்டி நிறுத்த நவீனப் போர்க்கப்பல் ஒன்றை சிங்கப்பூருக்கு அனுப்ப வேண்டும் என்று சர்ச்சில் பிடிவாதம் பிடித்தார். கடற்படைத் தலைவர் டட்லி பவுண்ட் முதலில் மறுத்தார், பிறகு இறங்கிவந்தார். தலைமை தாங்க பிலிப்ஸைத் தேர்ந்தார்கள். அந்தப் போரில் அதுவரை கடலில் சண்டையே பார்க்காத ஒருவர், ஒரே தாவலில் தற்காலிக அட்மிரல் பதவியோடு கிழக்குக் கடற்படைக்குத் தலைவரானார்.

அக்டோபர் 25 அன்று பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஸ்காட்லாந்திலிருந்து கிளம்பியது. அந்தக் கப்பலுக்கு வயது ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனால் மே மாதம் பிஸ்மார்க்கோடு மோதி அடிபட்டிருந்தது. ஆகஸ்டில் ரூஸ்வெல்ட்டைச் சந்திக்க சர்ச்சிலை அட்லாண்டிக்குக்குக் குறுக்கே சுமந்து சென்றிருந்தது. கூடச் சேரும் என்று எண்ணப்பட்ட விமானந்தாங்கிக் கப்பல் இண்டாமிட்டபிள் நவம்பர் 3 அன்று ஜமைக்காவில் தரைதட்டியது. வழியில் தென்னாப்பிரிக்காவில் பிரதமர் ஸ்மட்ஸைப் பிலிப்ஸ் சந்தித்தார். சிங்கப்பூரில் ஒன்று, ஹவாயில் ஒன்று என்று இரண்டு கடற்படைகள் பிரிந்து கிடக்கின்றன, தனித்தனியாக இரண்டுமே ஜப்பானைவிடச் சின்னவை, இது பேரழிவில் முடியும் என்று ஸ்மட்ஸ் லண்டனுக்கு எச்சரிக்கைத் தந்தி அடித்தார். கப்பல் நிற்கவில்லை.

டிசம்பர் 2 அன்று இரண்டு கப்பல்களும் செம்பவாங் வந்து சேர்ந்தன. தளத்தில் வேலைபார்த்த மலையாளிகளும் தமிழர்களும் சீனர்களும் மலாய்க்காரர்களும் பார்த்திருப்பார்கள். பத்திரிகைகள் கொண்டாடின. மிரட்ட வந்த கப்பல் அல்லவா, வந்தது ஊருக்குத் தெரிய வேண்டும். பிலிப்ஸ் அங்கிருந்து மணிலாவுக்குப் பறந்து அமெரிக்க அட்மிரல் ஹார்ட்டைச் சந்தித்துப் பேசிக்கொண்டிருந்தபோதே, ஜப்பானியப் படகு வரிசை தெற்கே வருவதாகச் செய்தி வந்தது. அவசரமாகத் திரும்பினார்.

*

டிசம்பர் 8, நள்ளிரவு தாண்டியதும் கோத்தா பாருவில் ஜப்பானியர்கள் இறங்கினார்கள். விடியுமுன் சிங்கப்பூரில் குண்டு விழுந்தது. பிலிப்ஸ் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. துறைமுகத்திலேயே இருப்பது, கப்பல்களை மேற்கே காப்பாற்றிக்கொண்டு போவது, அல்லது வடக்கே போய் ஜப்பானியப் படை இறங்கும் இடத்தைத் தாக்குவது. தரையில் சிப்பாய்கள் செத்துக்கொண்டிருக்கும்போது கடற்படை ஓடினால் அந்த அவமானத்தை யாரும் மறக்க மாட்டார்கள். அன்று மாலையே கிளம்பினார். இரண்டு பெரிய கப்பல்கள், நான்கு நாசகாரிகள். இதற்குப் பெயர் ‘இசட் அணி’.

கிளம்பும்போது விமானப்படையிடம் முக்கியமாகக் கேட்டது இதுதான்: 10ஆம் தேதி காலையில் சிங்கோராவுக்கு அருகே போர்விமானப் பாதுகாப்பு. வடக்கு விமானத்தளங்கள் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. அன்றிரவே கடலில் அவருக்குப் பதில் வந்தது: முடியாது. இருந்தும் போனார். ஜப்பானியர் பார்க்காதவரை பாதுகாப்பு என்பது கணக்கு. 9ஆம் தேதி முழுக்க மேகமும் மழையும் மறைத்தன. மாலையில் வானம் வெளுத்ததும் ஜப்பானிய விமானங்கள் கண்ணில் பட்டன. இனி திடீர்த் தாக்குதல் நடக்காது என்று தெரிந்ததும், இரவு எட்டேகால் மணிக்கு சிங்கப்பூருக்குத் திரும்ப உத்தரவு கொடுத்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வீம்புக்காரர் என்றால் திரும்பியிருக்க மாட்டார். அந்த இரவு ஜப்பானின் கொங்கோ என்ற பெரும் போர்க்கப்பலும் அந்தக் கடலில்தான் இருந்தது. அதுவும் இங்கிலாந்தில் கட்டியது. பீரங்கிக்குப் பீரங்கி மோதும் பழைய சண்டைக்கு, அவர் 15 வயதிலிருந்து தயாரான சண்டைக்கு, ஆசைப்பட்டிருந்தால் போயிருக்கலாம். போகவில்லை. ஆளுக்கு நிதானம் இருந்தது.

நள்ளிரவு நெருங்கும்போது சிங்கப்பூரில் விட்டுவந்த தலைமைப் பணியாளர் பாலிசரிடமிருந்து தந்தி வந்தது. குவாந்தானில் எதிரி இறங்குவதாகத் தகவல். குவாந்தான் கரையைக் காத்தவர்கள் இந்தியச் சிப்பாய்கள். இருட்டில் எதையோ பார்த்துச் சுட்டார்கள். எருமைகள் கண்ணிவெடியை மிதித்துவிட்டன என்றுகூட ஒரு கதை சொல்வார்கள். எதிரி யாரும் இறங்கவில்லை. ஆனால் அது பிலிப்ஸுக்கு எப்படித் தெரியும்? குவாந்தான் விழுந்தால் மலாயாவை இடுப்பில் வெட்டின மாதிரி. போகிற வழியில்தான் இருக்கிறது. திரும்பினார்.

ஆனால் சிங்கப்பூருக்குச் சொல்லவில்லை. வானொலியைத் தொட்டால் இடம் தெரிந்துவிடும். தான் குவாந்தான் போவேன் என்று பாலிசர் ஊகித்திருப்பார், கேட்காமலே போர்விமானங்களை அனுப்பிவைப்பார் என்று நினைத்திருக்க வேண்டும். பாலிசர் ஊகிக்கவில்லை. ஊகித்திருந்தால் செம்பவாங்கில் ஆஸ்திரேலிய 453ஆம் அணியின் பஃபலோ விமானங்கள் தயாராகவே நின்றன.

எனக்கு இந்த மௌனம்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. வருடக்கணக்கில் திட்டப் பிரிவு அறைகளில் இருந்தவர். அங்கே எல்லாரும் ஒரே வரைபடத்தைப் பார்ப்பார்கள், ஒரே மாதிரி யோசிப்பார்கள். ஒருவர் பாதி சொன்னால் மற்றவர் மீதியை முடிப்பார். தன் தலைக்குள் இருக்கும் வரைபடம் பாலிசரின் தலைக்குள்ளும் அப்படியே இருக்கும் என்று நம்பிவிட்டார். அவரைக் கொன்றது ஆணவம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொல்லாமலே புரிந்துகொள்வார்கள் என்ற நினைப்புதான் அது. வீட்டிலும் வேலையிடத்திலும் நாம் தினம் செய்கிற தப்பு.

*

10ஆம் தேதி காலை எட்டு மணிக்குக் குவாந்தான் முன்னால் நின்றார்கள். எக்ஸ்பிரஸ் என்ற நாசகாரி கரையை நெருங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லை என்றது. உடனே சிங்கப்பூர் திரும்பியிருக்கலாம். அதற்குள் கண்ணில் பட்டிருந்த ஒரு இழுவைப் படகையும் தோணிகளையும் சோதிக்கப் போனார்கள். சைகோன் பக்கத்துத் தளங்களிலிருந்து கிளம்பிய ஜப்பானிய விமானங்கள் தெற்கே வெகுதூரம் தேடி, ஒன்றும் கிடைக்காமல், எரிபொருள் குறைந்து திரும்பிக்கொண்டிருந்தன. அந்த வழியில்தான் கண்டுபிடித்தன.

பதினொன்றேகால் வாக்கில் முதல் குண்டு ரிபல்ஸில் விழுந்தது. அடுத்த அரை மணியில் டார்பிடோ விமானங்கள். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் பின்பக்கம் இடப்புறம் பட்ட அடியில் சுழல்தண்டு முறுக்கிக்கொண்டு கப்பலின் அடியைக் கிழித்தது. மின்சாரம் போனது. சுக்கான் போனது. விமான எதிர்ப்புப் பீரங்கிகள் பலவும் செயலிழந்தன. ரிபல்ஸ் 1916இல் கட்டிய கிழட்டுக் கப்பல். அதன் கேப்டன் டென்னன்ட், டார்பிடோ ஒவ்வொன்றாக விலக்கி விலக்கி ஆட்டம் காட்டினார். தலைமைக் கப்பலிலிருந்து சிங்கப்பூருக்குச் செய்தி போகவில்லை என்று தெரிந்ததும் அவரே அனுப்பினார். மதியம் 12.33க்கு ரிபல்ஸ் மூழ்கியது. சுமார் 1.20க்குப் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ். டென்னன்ட்டின் செய்தி கிடைத்ததும் கிளம்பிய பஃபலோ விமானங்கள் அந்த நேரத்தில்தான் வந்து சேர்ந்தன. செய்தி முன்னால் போயிருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். சுமார் 85 விமானங்களுக்கு முன்னால் பத்துப் பதினோரு பஃபலோக்கள் என்ன செய்திருக்கும்? ஆனால் டார்பிடோ போட நேராக, தாழ்வாக, நிதானமாக வர வேண்டும். அந்த நிதானத்தைக் கெடுத்திருக்கும்.

நாசகாரிகள் 2,000க்கும் மேற்பட்டவர்களை நீரிலிருந்து தூக்கின. பிலிப்ஸும் கப்பலின் கேப்டன் லீச்சும் அவர்களில் இல்லை. ஜப்பான் இழந்த விமானங்கள் மூன்று.

*

சர்ச்சிலுக்கு இந்தப் போரிலேயே இதைவிட நேரடியான அதிர்ச்சி வந்ததில்லை என்று அவரே எழுதினார். லண்டன் அதிர்ந்தது சரி. மெந்தகாப் என்ன ஆனது?

பாட்டிக்கு அப்போது ஒன்பது வயது. தோட்டத்துக் கிராணி வானொலியில் கேட்டு வந்து சொன்னாராம். “துரை அன்னைக்கு வேலைக்காட்டுக்கு வரல. அப்பதான் அப்பாவே சொன்னாரு, இவனுங்க போயிருவானுங்கன்னு.” பால்மரம் வெட்டும் ஒரு தமிழருக்கு, கப்பல் எத்தனை டன் என்று தெரியாது. துரைமார் கண்ணில் பயம் வந்ததைப் பார்த்தார். புத்தாண்டு பிறந்த சில நாளில் குவாந்தான் விழுந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. துரைமார் போனார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள். தோட்டத்து ஜனங்களுக்குப் போக இடமில்லை. அவர்களில் பல்லாயிரம் பேரை ஜப்பானியர்கள் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள்.

பிலிப்ஸ்மேல் எனக்குக் கோபம் வரவேண்டும் என்று ஒரு நினைப்பு இருந்தது. படிக்கப் படிக்க அது வரவில்லை. மனிதர் தன் கடமையைச் செய்தார், உயிரைக் கொடுத்தார். ஆனால் இரக்கத்தோடு நின்றுவிடவும் முடியவில்லை. 42, 70, 90, 180 என்று எழுதப்பட்ட கோப்பின் மேசையில் அவரும் இருந்தார். அந்த எண்களின் விலையில் ஒரு பங்கை அவர் தன் உயிரால் கட்டினார். மீதியைக் கட்டியவர்களின் பெயர் எந்த நினைவுத்தூணிலும் இல்லை. பிலிப்ஸ் ஒரு தந்தி அனுப்பவில்லை என்று எண்பது வருடமாக விவாதிக்கிறார்கள். அப்படி ஒரு மனிதரின் ஒரு தவறு என்று சுருக்கிவிட்டால் சாம்ராஜ்யத்துக்கும் வசதிதான். கப்பலே இல்லாமல் கப்பல்தளம் கட்டி, வராத கடற்படையை நம்பச்சொல்லி ஒரு நாட்டையே உட்காரவைத்தது யார் என்ற கேள்வி அப்புறம் எழாது.

2023 மே மாதம் மலேசியக் கடல்சார் அமலாக்கத் துறையினர் ஜொகூர்க் கடற்பகுதியில் ஒரு சீனக் கப்பலைப் பிடித்தார்கள். அதில் துருப்பிடித்த பழைய பீரங்கிக் குண்டுகளும் இரும்பும் இருந்தன. கப்பல்களின் கல்லறையைப் பாரந்தூக்கியால் கிழித்து எடுத்ததாகச் சந்தேகம். அந்தச் செய்தியைப் படித்தபோது கோபம் வந்தது. எலும்புகள் கிடக்கும் இடம் அது. வெள்ளைக்காரனின் எலும்பானால் என்ன?

அதே நேரத்தில் இன்னொன்றும் தோன்றியது. அந்த 840 பேர் கிடக்கும் இடம் யாருக்காவது தெரிகிறது. வரைபடத்தில் ஒரு புள்ளி இருக்கிறது. திருடினால் கேட்க ஓர் அரசாங்கம் இருக்கிறது. பாட்டியின் அப்பா காஞ்சனபுரிக்கு அப்பால் எந்தக் காட்டில் கிடக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. அவருக்கு இருந்த ஒரே அடையாளம் பாட்டியின் வாக்கியம்தான்: கப்பல் முழுகி ரெண்டாம் வருசம்.

அன்று தெலுக் செம்பெடாக்கில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். கிளம்பும்போது நண்பர் கேட்டார், “அடுத்த தடவ வந்தா போட் ஏற்பாடு பண்ணவாண்ணே? மேல இருந்து பாத்தா வெறும் தண்ணிதான்.” பண்ணுங்க என்றேன்.